சார்ஜ் லைட்: பெட்டிக் கணக்கும் பட்டறைக் கணக்கும்

கடையில் அந்த லைட்டைக் கூரைப் பக்கம் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். கண் கூசியது. பெட்டியில் '20,000 லூமன்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்னால் காந்தம், மேலே கொக்கி, விலை எழுநூறு ரூபாய்க்குள். வாங்கி வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, இரவு எட்டு மணிக்கு சம்ப் மோட்டார் மக்கர் பண்ணியபோதுதான் அதற்கு முதல் வேலை வந்தது. முதல் பத்து நிமிடம் பட்டப்பகல் மாதிரி இருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, பழைய கெப்பாசிட்டரைக் கழற்றி, புதியதை மாட்டுவதற்குள் விடிவிளக்கு அளவுக்கு இறங்கிவிட்டது. மிச்ச வேலையை செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டுதான் முடித்தேன்.

மறுநாள் திருப்புளியால் திறந்து பார்த்தேன். உள்ளே கட்டை விரல் பருமனில் ஒரே ஒரு செல். அதன் உறையில் '9900 எம்.ஏ.எச்.' என்று போட்டிருந்தது. மில்லி ஆம்பியர் அவர், அதாவது செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கணக்கு. சமையலறைத் தராசில் வைத்தால் 31 கிராம். இதற்கு மேல் விசாரணையே தேவையில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் புறப்படும் மொத்த வெளிச்சத்தின் அளவு. பழைய 100 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 1,300 லூமன் கொடுத்தது. நாலடி டியூப் லைட் 2,500 பக்கம் வரும். அப்படிப் பார்த்தால் 20,000 லூமன் என்பது எட்டு டியூப் லைட்டை உள்ளங்கையில் பிடிப்பது. சாதாரண வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். நல்ல சரக்கு 150-ஐத் தாண்டும், மட்டமானது 80-இல் நின்றுவிடும். ஆக 20,000 லூமனுக்கு 200 வாட் வேண்டும். லித்தியம் செல்லின் அழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். அதிலிருந்து 200 வாட் எடுக்க ஏறக்குறைய 55 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டில் கீசருக்குப் போடும் எம்சிபியே பெரும்பாலும் 20 ஆம்பியர்தான். தலைமுடி மாதிரி ரெண்டு வயரில் பற்றவைத்த அந்த லைட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

அடுத்தது செல். இந்த உருளைச் செல்லுக்கு 18650 என்று பெயர். பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவம் என்பதற்கு. உலகின் நல்ல தயாரிப்பாளர்கள் இந்த அளவுக்குள் அடைக்க முடிந்தது சுமார் 3,500 எம்.ஏ.எச். வரைதான். அதனால் 18650 செல்லின் மேல் 5000, 8000, 9900 என்று எந்த எண்ணைக் கண்டாலும் அது பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எடையும் காட்டிக் கொடுக்கும். உள்ளே நிஜமாகவே சரக்கு இருக்கும் செல் 45 கிராம் பக்கம் வரும். 30 கிராம் என்றால் பாதி காலி டப்பா.

எம்.ஏ.எச். என்ற எண்ணை வைத்துக்கொண்டு மட்டும் எதையும் ஒப்பிட முடியாது. வோல்ட்டால் பெருக்கி வாட் அவராக மாற்ற வேண்டும். 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர் அவர் (அதாவது 3,500 எம்.ஏ.எச்.) என்றால் 12.6 வாட் அவர். லைட்டுக்குள் இருக்கும் மொத்தச் சொத்து இதுதான். எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து விடும் டிரைவர் சர்க்யூட்டும் கண்ணாடியும் கொஞ்சம் தின்னும், அதற்குப் பதினைந்து சதவீதம் தள்ளிவிடலாம். மிச்சத்தை 100-ஆல் பெருக்கினால் சுமார் 1,070 வரும். 1,070 லூமனை ஒரு மணி நேரம் செலவழிக்கலாம், இல்லை 350 லூமனை மூன்று மணி நேரம் செலவழிக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்கக் கூடாது. பெட்டியில் '2,000 லூமன், 6 மணி நேரம்' என்றிருந்தால் அதற்கு 12,000 லூமன்-மணி வேண்டும், அதாவது இதே மாதிரி நல்ல செல் பதினொன்றாவது உள்ளே இருக்க வேண்டும். அவற்றின் எடையே அரைக் கிலோ. லைட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, பேர் பெற்ற கம்பெனிகள் இப்படிப் பச்சையாகப் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்களுடைய கணக்கிலும் ஒரு நெளிவு உண்டு. டார்ச் வகையறாக்களை அளக்க எஃப்.எல்.1 என்றொரு அமெரிக்கத் தரம் 2009 முதல் இருக்கிறது. அதன்படி லைட்டைப் போட்ட 30 நொடிக்குப் பிறகு வெளிச்சத்தை அளக்கிறார்கள். அதிலிருந்து வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடும் மொத்த நேரம்தான் 'ரன் டைம்'. 1,000 லூமன் லைட் 100 லூமனுக்கு இறங்கும் வரை அது 'எரிந்துகொண்டிருக்கிறது' என்றே அர்த்தம். முதல் சில நிமிடம் 1,000, அப்புறம் சூடு தாங்காமல் 400, அப்புறம் இரண்டு மணி நேரம் 150 என்று இழுத்துக்கொண்டு போனாலும் பெட்டியில் '1,000 லூமன், 3 மணி நேரம்' என்று போடலாம். தரத்தின்படி இதில் பிழையே கிடையாது.

இதை ஏமாற்று என்று முழுதாகச் சொல்லவும் மனம் வரவில்லை. எல்இடி உள்வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற அலுமினிய உடம்பு வேண்டும், காற்று வேண்டும். கையடக்க பிளாஸ்டிக் டப்பாவில் பத்து வாட்டை அரை மணி நேரம் தாங்குவதே கஷ்டம். அதனால் உள்ளிருக்கும் சர்க்யூட் தானாகவே வெளிச்சத்தைக் குறைப்பது விளக்கின் ஆயுளுக்கு நல்லதுதான். மட்டமான லைட்டில் அந்த சர்க்யூட்டே இருக்காது. ஒரு ரெசிஸ்டர் வழியாக செல்லை நேராக எல்இடியில் கோத்திருப்பார்கள். செல் 4.2 வோல்ட்டிலிருந்து இறங்க இறங்க வெளிச்சமும் கூடவே இறங்கும். மெதுவாக மங்குவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாதியாகக் குறைந்த வெளிச்சத்தை நம் கண் 'கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்றுதான் சொல்லும். என் சம்ப் மோட்டார் இரவில் நடந்தது அதுதான்.

கண்ணின் இந்த குணத்தை நமக்குச் சாதகமாகவும் எடுத்துக்கொள்ளலாம். 500 லூமனுக்கும் 1,000 லூமனுக்கும் கண்ணில் தெரியும் வித்தியாசம் விலையில் தெரியும் வித்தியாசத்தை விடச் சின்னது. அதைவிட, வேலைக்குத் தேவை லூமன் அல்ல, லக்ஸ். வேலை நடக்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது லக்ஸ். பட்டறைப் பொது வேலைக்கு 300 லக்ஸ், நுணுக்கமான வேலைக்கு 500 முதல் 750 லக்ஸ் என்பது பழக்கத்தில் உள்ள அளவு. லென்ஸ் இல்லாத தட்டையான பலகை லைட் 500 லூமன் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் நேர் எதிரே சுமார் 160 லக்ஸ் விழும். அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் நாலு மடங்காகி 640. இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் 40. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. லைட்டைப் பாதித் தூரத்துக்குக் கிட்டே கொண்டுவர முடிந்தால் அது பெட்டியில் உள்ள எண்ணை நாலால் பெருக்கியதற்குச் சமம்.

அதனால்தான் காந்தம், கொக்கி, மடக்கும் கழுத்து இவற்றை நான் லூமனுக்கு மேலே வைக்கிறேன். கார் பானெட்டுக்குள் தலையை விட்டு வேலை செய்கிறவருக்குத் தெரியும், பிரச்சினை வெளிச்சம் போதாமை அல்ல, தன் தலையின் நிழல். மேலிருந்து வரும் ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு பக்கமிருந்தும் வரும் இரண்டு சின்ன விளக்குகள் நிழலைக் கொன்றுவிடும். யாராவது கேட்டால், ஒரு 1,500 லூமன் லைட் வாங்கும் காசுக்கு இரண்டு 400 லூமன் லைட் வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

காந்தத்தில் கவனிக்க வேண்டியவை உண்டு. இப்போது பல கார்களில் பானெட் அலுமினியம், பம்பர் பிளாஸ்டிக். ஒட்டாது. லேத்துப் பட்டறையில் வைத்தால் இரும்புச் சீவல் முழுக்கக் காந்தத்தின் மேல் தாடி மாதிரி முளைத்துவிடும், அதோடு கொண்டுபோய் வண்டியில் ஒட்டினால் பெயின்ட்டில் கீறல் விழும். இதற்கு வழி சுலபம்: காந்தத்தின் மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் பையை உள்வெளியாகத் திருப்பி உருவினால் சீவலும் பையோடு போய்விடும்.

அடுத்து நிறம். வாங்கும்போது யாரும் கேட்காத விஷயம் இது. வெள்ளை எல்இடி உண்மையில் வெள்ளையே அல்ல. உள்ளே இருப்பது நீல எல்இடி. அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பளிச்சென்ற நீல எல்இடியை உருவாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீலமும் மஞ்சளும் கலந்த இந்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைப் பொருள் திருப்பி அனுப்ப முடியாது. நிறங்களை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று 100-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். மலிவான லைட்டுகள் 70-இல் நிற்கும். 80 பரவாயில்லை. 90-க்கு மேல் என்றால் நிற வேலைக்கு நம்பலாம். சி.ஆர்.ஐ. கூடினால் அதே வாட்டுக்கு லூமன் குறையும், அதனால் லூமனை விளம்பரப்படுத்தும் பெட்டிகளில் சி.ஆர்.ஐ. பெரும்பாலும் இருக்காது.

பெயின்டருக்கு மட்டும்தானே இது என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் பழைய மூன்று பேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ்கள், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இருபது வருடத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த சிவப்பு வயர், மட்டமான லைட்டில் பழுப்பாகவும் கறுப்பாகவும் தெரியும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்பித் தொடுவது எந்த வெளிச்சத்திலும் தப்பு, இந்த வெளிச்சத்தில் இரட்டைத் தப்பு. மெக்கானிக்குக்கும் இதே பாடுதான். வண்டிக்கு அடியில் சொட்டுவது என்ஜின் ஆயிலா, சிவப்பு நிறத்தில் வரும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலா என்பதை நிறம்தான் சொல்லும். கடையில் சோதிக்க உங்கள் உள்ளங்கை போதும். லைட்டைக் கையருகே காட்டுங்கள். ரத்த ஓட்டம் நின்றுபோன மாதிரி வெளிறித் தெரிந்தால் அந்த லைட்டில் சிவப்பு இல்லை.

வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல லைட்டுகள் 'லோ' என்பதை உண்மையில் குறைவாக எரிந்து கொடுப்பதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரிந்து கொடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலி மட்டும் வரும். ஆனால் சுழலும் பொருள் முன்னால் இது ஆபத்து. துடிப்பும் சுழற்சியும் ஒத்துப்போனால், லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக் நிற்கிற மாதிரியோ மெதுவாகச் சுற்றுகிற மாதிரியோ தெரியும். சோக்கு போட்ட டியூப் லைட் காலத்தில், இந்தத் தொல்லைக்காகவே பட்டறை டியூப்களை மூன்று பேஸிலும் பிரித்துப் போடும் வழக்கம் இருந்தது. சோதனை: லைட்டை லோவில் வைத்து, அதன் முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். விசிறி மாதிரி ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் லேத்து பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சார்ஜ் ஏற்றும் வாய்க்கு வருவோம். 'யூ.எஸ்.பி. சி' என்று போட்டிருந்தால் எல்லா போன் சார்ஜரிலும் ஏறும் என்று நம்புகிறோம். பல லைட்டுகள் பெட்டியோடு வந்த, ஒரு முனை அகலமான பழைய கேபிளில் மட்டும் ஏறும். இரு முனையும் சி-யாக உள்ள புதிய போன் கேபிளைச் செருகினால் செத்த பிணமாகக் கிடக்கும். லைட் கெட்டுப்போகவில்லை. சி வகை சார்ஜர், எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மின்சாரம் விடும். சில பைசா பெறும் அந்த ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் போடாமல் விட்டிருக்கிறார். இதை நான் ஒரு குணச் சான்றிதழாகவே பார்க்கிறேன். அதைக்கூட மிச்சம் பிடித்தவர், செல்லைப் பாதுகாக்கும் சர்க்யூட்டில் கைவைக்காமலா இருந்திருப்பார்?

செல்லுக்கு நம் ஊர் வெயில்தான் முதல் எதிரி. லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மூடிய காருக்குள் மே மாத மதியம் அதைத் தாண்டிச் சுலபமாகப் போய்விடும். டேஷ்போர்டில் வைத்து கார் சார்ஜரில் போட்டு விட்டு சாப்பிடப் போவது செல்லுக்கு நாமே வைக்கும் கொள்ளி. முழு சார்ஜில் சூட்டில் கிடந்தாலும் சீக்கிரம் தேயும், முழுக்கக் காலியாகிக் கிடந்தாலும் சாகும். எப்போதாவது எடுக்கும் லைட் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வைக்கலாம். முன்பு 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி போட்ட எமர்ஜென்சி லைட்டுகளுக்கு இது நேர் எதிர்: அவற்றை எப்போதும் முழு சார்ஜில் வைக்க வேண்டும். காலியாக விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து, அடுத்த மழைக்காலத்தில் எடுத்தால் எரியாது. அந்தப் பழக்கத்தில் லித்தியம் லைட்டையும் இரவு பகலாக பிளக்கில் செருகி வைக்கிறவர்கள் நிறைய.

இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் தர எண்ணும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணை அடித்தால் யாருடையது என்று வரும். என் லைட்டின் செல்லில் எண்ணே கிடையாது.

ஐ.பி. 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீர் தாங்கும். புதுசாக இருக்கும்போது, நல்ல தண்ணீரில். சார்ஜ் வாயை மூடும் ரப்பர் நாக்கு அறுந்த நாளில் அந்த எண்ணும் போய்விட்டது. ஐ.கே. 08 என்று ஒன்று சில லைட்டுகளில் இருக்கும். அது 5 ஜூல் அடியைத் தாங்கும் என்பது, அதாவது 1.7 கிலோ எடை ஒரு அடி உயரத்திலிருந்து விழுந்த மாதிரி.

ஆனால் இந்த எண்கள் எதுவும் சொல்லாத ஒன்று, தொட்டிக்குள் இறங்கும் விஷயம். கூண்டு போட்ட குண்டு பல்பில் நீள வயர் கட்டி 230 வோல்ட்டில் இழுத்துக்கொண்டு போன ஹேண்ட் லாம்ப் எத்தனையோ பட்டறைகளில் இன்னும் தொங்குகிறது. ஈரத் தரை, இரும்புத் தொட்டி, அறுந்த இன்சுலேஷன் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் பிறகு சேர்த்த 36ஏ பிரிவு, தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள், தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது என்றது. எரியும் வாயு இருக்க வாய்ப்புள்ள இடத்தில், உள்ளே பற்றினாலும் நெருப்பை வெளியே விடாத ஃப்ளேம் ப்ரூஃப் விளக்கைத் தவிர வேறு எதுவும் கூடாது என்றும் சொன்னது. ஷாக் விஷயத்தில் சார்ஜ் லைட் பெரிய முன்னேற்றம்தான். இரண்டாவது விஷயத்தில் அது எந்தப் பாதுகாப்பும் தராது. சுவிட்சில் பொறி பறக்கும், செல் ஷார்ட் ஆனால் நெருப்பே வரும். பெட்ரோல் டேங்க், தின்னர் வாசனை நிரம்பிய புதிதாகப் பெயின்ட் அடித்த தொட்டி, கழிவுத் தொட்டி இவற்றுக்குப் பக்கத்தில் 'பேட்டரி லைட்தானே' என்று தைரியமாகப் போகக் கூடாது.

டிரில், கிரைண்டர் எல்லாம் பேட்டரியில் ஓட்டுகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. அதே பேட்டரியில் எரியும் லைட் ஹெட்டை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் 72 வாட் அவர். என் பழைய லைட்டின் செல் நிஜமாகவே நல்ல செல்லாக இருந்திருந்தால்கூட இது அதைப்போல ஐந்தாறு மடங்கு. '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்கும் பேட்டரியும் இந்த 18 வோல்ட் பேட்டரி மாதிரியே ஐந்து செல்லை வரிசையாகக் கோத்ததுதான், முழு சார்ஜில் உள்ள உச்ச அழுத்தத்தைப் பெயராக வைத்துவிட்டார்கள். ஆனால் கனம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கேட்கும். பேட்டரி ஏற்கெனவே இருந்தால் வாங்கலாம், லைட்டுக்காக மட்டும் அந்த வழியில் போக வேண்டியதில்லை.

நான் இப்போது வைத்திருப்பது 500 லூமன் என்று அடக்கமாகப் போட்டிருக்கும் ஒரு லைட். செல்லை மாற்றிக்கொள்ள பின்னால் திருகு மூடி இருக்கிறது. வாங்கிய அன்று இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி செல்போனில் லக்ஸ் காட்டும் செயலியைத் திறந்து வைத்தேன். போன் சென்சார் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே போன், ஒரே தூரம் என்றால் ஒப்பிட முடியும். போட்ட அரை நிமிடத்தில் 148. பத்து நிமிடத்தில் 141. ஒரு மணி நேரத்தில் 137. இரண்டரை மணி நேரம் வரை அதே இடத்தில் நின்று, அப்புறம் சட்டென்று குறைந்து, சிவப்புப் புள்ளி எரிந்தது. மூடியின் உள்பக்கம் இந்த எண்களையும் தேதியையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் அதே நாளில் மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும்.